கண்ணுக்கு எத்தனை பர்சென்ட்?

பார்வைக் குறைபாட்டுக்கான அரசுச் சான்று, கோல் தட்டி நடப்பவருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் ஊரெங்கும் இருக்கிறது. பேருந்தின் எண் தெரியாமல் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு ஏறுகிறவர், கரும்பலகை தெரியாமல் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதும் மாணவி, பொழுது சாய்ந்தால் கடையை விட்டு இறங்கத் தயங்கும் மளிகைக்காரர் என்று பலரும் “எனக்குத்தான் கொஞ்சம் தெரியுதே” என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். சான்றுக்குத் தகுதி இருந்தும் வாங்காதவர்களைத் தேடினால் பெரும்பாலும் இவர்கள்தான் அகப்படுவார்கள். முழுப் பார்வையும் இழந்தவரை யாராவது ஒருவர் கைப்பிடித்து அலுவலகத்துக்கு அழைத்துப் போய்விடுகிறார். பாதி தெரிகிறவரை யாரும் அழைத்துப் போவதில்லை, அவரும் போவதில்லை. இந்த அத்தியாயம் முக்கியமாக அவருக்காக எழுதப்பட்டது.

2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதில் பார்வையின்மை ஒரு வகை, குறைபார்வை தனியாக இன்னொரு வகை. இரண்டும் பதிவுக்கு உரியவை. நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 3/60க்குக் கீழே இருந்தாலோ, பார்வைப் புலம், அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு, 10 பாகைக்குள் சுருங்கியிருந்தாலோ சட்டப்படி அது பார்வையின்மை. அதற்கு மேலே, 6/18 வரை குறைந்திருந்தாலோ, புலம் 40 பாகைக்குக் கீழே வந்திருந்தாலோ குறைபார்வை. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 6/60க்கு மேற்படாத பார்வையே பார்வையின்மையாகக் கொள்ளப்பட்டது. அந்தக் காலத்துச் சான்றை வைத்திருக்கும் ஒருவர் இன்று புதுப்பிக்கப் போனால் ‘குறைபார்வை’ என்று எழுதித் தரக்கூடும். கண் தேறிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. கோடு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த எண்கள் என்ன சொல்கின்றன?

6/60 என்பதைப் பின்னம் போல வகுத்துப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேலே இருக்கும் எண், நீங்கள் எழுத்து அட்டையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது. கீழே இருப்பது, நல்ல பார்வை உள்ளவர் அதே எழுத்தை எத்தனை மீட்டரிலிருந்து படிப்பார் என்பது. அவர் 60 மீட்டரில் படிப்பதை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறீர்கள் என்றால் 6/60. அட்டையின் உச்சியில் தனியாக நிற்கும் பெரிய எழுத்து அதுதான். அதுவும் தெரியாவிட்டால் உங்களை அட்டைக்கு அருகே நகர்த்துவார்கள். மூன்று மீட்டரில் தெரிந்தால் 3/60, ஒரு மீட்டரில் தெரிந்தால் 1/60. அதற்கும் கீழே போனால் விரலை எண்ணச் சொல்வார்கள், பிறகு முகத்துக்கு முன் கையசைவு தெரிகிறதா என்று பார்ப்பார்கள், கடைசியாக டார்ச் வெளிச்சம்.

ஊரில் “எத்தனை பர்சென்ட் போட்டாங்க?” என்று கேட்கும் சதவீதம் இந்த எண்களிலிருந்துதான் வருகிறது. மருத்துவர் மனம்போனபடி போடுவதில்லை. அதற்கு மத்திய அரசு வெளியிட்ட அட்டவணை உண்டு. அதை இயக்குவது இரண்டே விதிகள்: கணக்கு நல்ல கண்ணிலிருந்து தொடங்கும், அளவு, உங்களுக்கு ஆகச் சிறந்த கண்ணாடியைப் போட்டுப் பார்த்த பிறகே எடுக்கப்படும். கண்ணாடியைக் கழற்றினால் ஒன்றும் தெரியாது, போட்டால் 6/9 தெரிகிறது என்பவருக்கு, கண்ணாடியின் பவர் எத்தனை இருந்தாலும் சதவீதம் கிடைக்காது. மைனஸ் பன்னிரண்டு, மைனஸ் பதினைந்து என்று பவர் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுச் சோர்ந்துபோவதுண்டு. ஆனால் அந்த அளவு கிட்டப்பார்வையில் விழித்திரையும் பழுதுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது கண்ணாடி போட்டும் பார்வை முழுதாக வராது, கணக்கும் மாறும்.

நல்ல கண்ணில் பார்வை 6/24 முதல் 6/60 வரை இருந்தால் குறைந்தது 40 சதவீதம். மற்றக் கண் எவ்வளவு மோசமோ அதற்கேற்ப அது 50, 60 என்று ஏறும். நல்ல கண்ணே 6/60க்குக் கீழே 3/60 வரை போயிருந்தால் 70 அல்லது 80. 3/60க்குக் கீழே 1/60 வரை 90. கையசைவு, வெளிச்சம் மட்டும் தெரிந்தாலோ அதுவும் தெரியாமல் போனாலோ 100. ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். சட்டம் குறைபார்வையை 6/18இல் தொடங்குகிறது, அட்டவணையோ நல்ல கண்ணில் 6/24 வந்தால்தான் 40 தருகிறது. சலுகைகளில் பெரும்பாலானவை 40 சதவீதத்தில்தான் தொடங்குகின்றன. எனவே நடைமுறையில் உங்கள் எல்லைக்கோடு 6/24.

ஒரு கண்ணை முழுதாக இழந்து, மற்றக் கண் நன்றாக இருப்பவருக்கு அட்டவணையில் 30 சதவீதம்தான். பட்டாசு, கிரிக்கெட் பந்து, வெல்டிங் பொறி, நெல் தாள் என்று ஏதோ ஒன்றில் ஒரு கண் போனவர்கள் நம் ஊரில் ஏராளம். ஆழம் கணிக்க முடியாமல் படியில் தடுக்கி விழுகிறவருக்கு 30 என்பது குறைவு என்றுதான் இதை எழுதுபவரும் நினைக்கிறார். ஆனாலும் இந்தக் கணக்கை மருத்துவமனை வராந்தாவில் வாதாடி மாற்ற முடியாது. 30 சதவீதத்துக்கும் சான்றும் அடையாள அட்டையும் உண்டு என்பதால் வாங்கி வையுங்கள். மற்றக் கண்ணில் பின்னாளில் நோய் வந்தால், தொடக்க நிலை என்ன என்பதற்கு அரசு மருத்துவரின் பதிவு கையில் இருக்கும்.

நேரே தெரியும், பக்கத்தில் தெரியாது

எழுத்து அட்டையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோகும் ஒரு கூட்டம் உண்டு. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோயில் மாலைக்கண் முதலில் வரும், பிறகு பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வரும். நடுப்பார்வை பல வருடங்களுக்குத் தப்பித்து நிற்கும். செய்தித்தாளின் பொடி எழுத்தைப் படிப்பவர், வாசலில் கிடக்கும் செருப்பில் தடுக்கி விழுவார். “பேப்பர் படிக்கிறான், கண்ணு தெரியலன்னு நடிக்கிறான்” என்று சொந்தக்காரர்களே பேசுவார்கள். அக்காள் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இத்தகைய நோய்கள் கூடுதலாக வருவது மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். முற்றிய கிளாக்கோமாவும், ஊரில் கண் பிரஷர் என்பது, இப்படித்தான் ஓரத்திலிருந்து தின்னும். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு இரு கண்களிலும் ஒரே பக்கத்துப் பாதி காணாமல் போகும்.

இவர்கள் அனைவருக்கும் சதவீதம், பார்வைப் புலத்தை வைத்துக் கிடைக்கும். 40 பாகைக்குக் கீழே 20 வரை என்றால் 40 சதவீதத்திலிருந்து, 20க்குக் கீழே 10 வரை என்றால் 70லிருந்து, 10க்குக் கீழே என்றால் 90. இதை அளப்பது பெரிமெட்ரி என்ற சோதனை. மருத்துவமனையில் ‘ஃபீல்டு டெஸ்ட்’ என்றால் புரியும். இருட்டறையில் ஒரு கிண்ணத்துக்குள் பார்த்தபடி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நோய் ஓரப் பார்வையைத் தொட்டது என்றால் இந்த அறிக்கை இல்லாமல் சான்றுக்குப் போகாதீர்கள். அட்டையில் 6/9 படித்துவிட்டு, அறிக்கை எதுவும் காட்டாமல் நின்றால், மருத்துவர் பூஜ்யம் போடுவதில் அவர் தவறு எதுவும் இல்லை.

இதற்கு நேரெதிராக ஸ்டார்கார்ட் போன்ற நோய்களில் நடுப்பார்வை போய் ஓரப்பார்வை நிற்கும். தெருவில் தடுமாறாமல் நடப்பார்கள், எதிரே வருபவரின் முகம் தெரியாது, புத்தகம் படிக்க முடியாது. இவர்களுக்கு எழுத்து அட்டையே போதுமான சாட்சி.

விண்ணப்பிக்கும் முன்

சிகிச்சையால் சரியாகக்கூடிய கண்ணுக்கு நிரந்தரச் சான்று தரமாட்டார்கள். கண்புரை முற்றியதால் பார்வை 3/60க்குப் போயிருக்கும் பாட்டியை அழைத்துக்கொண்டு சான்றுக்குப் போனால், “முதல்ல ஆபரேஷன் பண்ணிட்டு வாங்கம்மா” என்பார்கள், சொல்வதும் சரி. கருவிழி மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்பவர், சர்க்கரையால் விழித்திரையில் இரத்தம் கசிந்து ஊசியும் லேசரும் எடுத்துக்கொண்டிருப்பவர் ஆகியோருக்கு நிலைமை மாறிக்கொண்டே இருக்கும். அவர்கள் தற்காலிகச் சான்று கேட்கலாம். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, அதில் காலாவதித் தேதி போடப்பட்டிருக்கும். சிகிச்சை முடியட்டும் என்று இரண்டு மூன்று வருடம் சும்மா இருக்க வேண்டியதில்லை.

தனியார் கண் மருத்துவமனை எத்தனை பெரியதானாலும் அது எழுதித் தரும் கடிதம் மாற்றுத்திறன் சான்றாக ஆகாது. அரசு அறிவித்த மருத்துவ அதிகாரியே சான்றளிக்க வேண்டும். ஆனால் தனியாரிடம் எடுத்த அறிக்கைகள் அரசு மருத்துவரின் மேசையில் பெரிதும் உதவும். நோயின் பெயர், எப்போது தொடங்கியது, கண்ணாடியுடன் பார்வை எவ்வளவு, புலச் சோதனை முடிவு, விழித்திரைப் படம் ஆகிய அனைத்தும் ஒரே கோப்பில், பழையது அடியிலும் புதியது மேலேயும் இருக்கட்டும். உங்கள் மருத்துவர் பார்வையை எண்ணாக எழுதாமல் ‘பார்வை குறைவு’ என்று மட்டும் எழுதியிருந்தால், எண்ணாக எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பம் இப்போது ஸ்வாவ்லம்பன் கார்டு என்ற மத்திய அரசு இணையதளத்தின் வழியாகத்தான். யுடிஐடி என்று எல்லோரும் சொல்லும் தனித்துவ அடையாள அட்டையும் சான்றும் அதன் வழியே வரும். ஆதார், முகவரிச் சான்று, ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம், கையெழுத்து அல்லது கைநாட்டு, கைபேசி எண் ஆகியவை போதும். வீட்டில் கணினி இல்லாவிட்டால் இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். அல்லது உங்கள் மாவட்டத்தின் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நேரே போங்கள். பெரும்பாலான மாவட்டங்களில் அது ஆட்சியர் வளாகத்திலோ அருகிலோ இருக்கும். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, கண் மருத்துவர் எந்தக் கிழமையில், எந்த மருத்துவமனையில் சான்றுக்குப் பார்க்கிறார் என்பது. இதைக் கேட்காமல் போனால், மூன்று பேருந்து மாறிப் போய், “இன்னைக்கு காது மூக்கு தொண்டைதான், கண்ணு வியாழக்கிழமை” என்று கேட்டுத் திரும்ப நேரிடும். அலுவலகம் அவ்வப்போது முகாமும் நடத்தும். முகாமில் எல்லாத் துறை மருத்துவர்களும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது வசதிதான், ஆனால் புலச் சோதனை இயந்திரம் அங்கே இருக்காது. ஓரப்பார்வை நோய் உள்ளவர்கள் முகாமை நம்பாமல் மருத்துவமனைக்கே போவது நல்லது. சென்னையைச் சுற்றி இருப்பவர்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உண்டு. 1819இல் தொடங்கிய அந்த மருத்துவமனையில் புலச் சோதனை முதல் விழித்திரைச் சோதனை வரை எல்லாம் ஒரே வளாகத்தில் முடியும்.

பெயர் விஷயத்தில் கவனம். ஆதாரில் தந்தை பெயரின் முதல் எழுத்து பின்னால், பள்ளிச் சான்றிதழில் முன்னால், குடும்ப அட்டையில் இல்லவே இல்லை என்ற கலவைதான் நம் வீடுகளில் வழக்கம். யுடிஐடியில் ஆதாரில் உள்ளபடியே பெயர் வரும். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இது பின்னால் தலைவலி தரும் என்பதால், ஆதாரைப் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துவரும்படி முதலில் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள்.

பரிசோதனை நாள்

துணைக்கு ஒருவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். அதற்குப் பிறகு சில மணி நேரம் இருக்கிற பார்வையும் கலங்கும், வெயில் கூசும். இருசக்கர வண்டியில் தனியே போகவே கூடாது. (சான்றுக்கு வருகிறவரே பைக் ஓட்டிக்கொண்டு வந்து மருத்துவமனை வாசலில் நிறுத்துவதையும் பார்க்க முடிகிறது. நல்ல கண்ணில் 6/60 உள்ளவர் வண்டி ஓட்டுவது அவருக்கும் ஆபத்து, எதிரே வருபவருக்கும் ஆபத்து.) வழக்கமாகப் போடும் கண்ணாடியை எடுத்துப் போங்கள். வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போவதால் லாபம் எதுவும் இல்லை. மருத்துவமனையில் சோதனைக் கண்ணாடி போட்டுத்தான் அளப்பார்கள்.

ஆங்கில எழுத்துத் தெரியாதவருக்குத் தமிழ் அட்டை உண்டு. எழுத்தே தெரியாதவருக்கு, மூன்று கால் நீட்டிய ஆங்கில ‘இ’ வடிவத்தைப் பல திசைகளில் திருப்பிப் போட்ட அட்டை இருக்கும். கால்கள் எந்தப் பக்கம் நீட்டுகின்றன என்று கையால் காட்டினால் போதும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாததைச் சொல்ல வெட்கப்பட்டுக் குத்துமதிப்பாகச் சொன்னால், கண்ணின் அளவு தவறாகப் போகும்.

இந்த அறையில்தான் நம் ஆட்களின் மரியாதை அவர்களுக்கே எதிரியாகிறது. மருத்துவர் “தெரியுதாம்மா?” என்பார். “தெரியுது சார்” என்று அம்மா தலையாட்டிவிடுவார். டாக்டரிடம் எப்படி இல்லை என்று சொல்வது என்ற கூச்சம்தான். அதற்குப் பதிலாக எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பிரித்துச் சொல்லப் பழக வேண்டும். “மேல இருக்குற பெரிய எழுத்து தெரியுது சார், அதுக்குக் கீழ ஏதோ கோடு மாதிரி இருக்கு, எழுத்து என்னன்னு தெரியல.” இப்படிச் சொன்னால் மருத்துவருக்கு அளவு கிடைத்துவிடும். அன்றாடச் சிரமங்களையும் சொல்லுங்கள்: மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் மாறிப்போகிறது, ஐம்பது ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது, சாயங்காலம் தெருவில் மாடு நிற்பது தெரிவதில்லை. சதவீதம் எண்களிலிருந்துதான் வருமென்றாலும், எந்தச் சோதனையைக் கூடுதலாக எடுக்க வேண்டும் என்று மருத்துவருக்குப் புரிவது இந்தப் பேச்சிலிருந்துதான். துணைக்கு வந்தவர் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் இருந்தால் நல்லது.

தெரிவதைத் தெரியவில்லை என்று சொல்லவும் கூடாது. கண் மருத்துவர்களுக்கு இது பழகிய நாடகம். அட்டையில் சொன்னதும் விழித்திரையில் தெரிவதும் பொருந்தாவிட்டால், கண் கண்ட வெளிச்சத்துக்கு மூளை எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை மின்முனைகள் ஒட்டி அளக்கும் சோதனைக்கு அனுப்புவார்கள், அதில் வாய் பேச ஒன்றுமில்லை. பொய்யாகச் சலுகை பெற்றால், அல்லது பெற முயன்றால், சட்டத்தின் 91ஆம் பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்கிறது. சதவீதத்தைக் கூட்டித் தருகிறேன் என்று வளாகத்தில் சுற்றும் தரகரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அவர் அட்டவணையை மாற்ற முடியாது, நீங்கள் வழக்கில் மாட்டுவீர்கள்.

அட்டை வந்ததும்

2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகளின்படி சான்று தர மூன்று மாதம் வரை அவகாசம் உண்டு. அட்டையில் நிறக் கோடு இருக்கும்: 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குக் கீழே வரை மஞ்சள், 80லிருந்து நீலம். நிறத்தைப் பார்ப்பதற்கு முன் பெயர், பிறந்த தேதி, குறைபாட்டின் வகை, சதவீதம், நிரந்தரமா தற்காலிகமா என்ற ஐந்தையும் யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்தச் சான்று இந்தியா முழுவதும் செல்லும். பெங்களூரு கல்லூரியோ மும்பை நிறுவனமோ தம் ஊர்ச் சான்றுதான் வேண்டும் என்று கேட்க முடியாது.

அட்டையை வாங்கிவிட்டால் சலுகைகள் தாமாக வீடு தேடி வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொன்றையும் அந்தந்தத் துறையில் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகை வருவாய்த் துறையுடையது. வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கான தனி வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வருமான நிபந்தனைகள் உண்டு, கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையும் உண்டு. அரசு நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டி இலவசம், கூட வரும் ஒரு துணையாளருக்கும் சேர்த்து. வருமான வரி கட்டுபவர் பழைய வரி முறையில் இருந்தால் 40 சதவீதத்துக்கு 75,000 ரூபாயும், 80 சதவீதத்திலிருந்து 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். குறைபாடு உள்ளவரைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கும் இதே அளவில் கழிவு உண்டு. ரயில் மட்டும் குறைபார்வைக்காரருக்குக் கைவிரிக்கிறது. அதன் சலுகை பார்வை முற்றிலும் இல்லாதவருக்கே. அதற்கும் ரயில்வேயின் தனிப் படிவத்தில் மருத்துவர் கையெழுத்து வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய பயன் படிப்பிலும் வேலையிலும் இருக்கிறது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. இவற்றைத் தேர்வுக்கு முந்தின வாரம் கேட்டால் கிடைக்காது. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் போக வேண்டும். போட்டித் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம். உயர்கல்வியில் 5 சதவீத இடங்கள், அரசு வேலையில் 4 சதவீதம், அதில் ஒரு சதவீதம் பார்வையின்மைக்கும் குறைபார்வைக்கும் என்று சட்டமே ஒதுக்கி வைத்திருக்கிறது. குறைபார்வைக்காரரும் இதில் முழு உரிமையுள்ளவர் என்பதைக் கவனியுங்கள். 40 சதவீதம் உள்ளவரும் அதே ஒரு சதவீதத்துக்குள் போட்டியிடலாம்.

ஏற்கெனவே அரசுப் பணியில் இருந்து, இடையில் பார்வை குறைந்தவர்களுக்கு 20ஆம் பிரிவு பெரிய பாதுகாப்பு. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியானவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்த வேலைக்கு அவர் பொருந்தவில்லை என்றால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். அப்படி இடம் இல்லாவிட்டால் இடம் கிடைக்கும்வரை, அல்லது ஓய்வு வயது வரை, கூடுதல் பணியிடம் உண்டாக்கி வைத்திருக்க வேண்டும். ஓட்டுநர், ஆசிரியர், எழுத்தர் என்று பலர் இதை அறியாமல், சர்க்கரையால் கண் மங்கியதும் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எழுதிக் கொடுப்பதற்கு முன் சான்றை வாங்குங்கள்.

படிக்க ஆசை உள்ளவருக்கு ஒரு செய்தி. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், அச்சைப் படிக்க இயலாதவருக்காக நூல்களை ஒலியாகவும் மின்னூலாகவும் மாற்ற அனுமதிக்கிறது. அதன் பயனாக வளர்ந்த சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் தமிழ் நூல்களும் உண்டு, சான்று இருந்தால் உறுப்பினராகலாம். பூந்தமல்லியில் இருக்கும் தேசியப் பார்வைக் குறைபாட்டு நிறுவனத்தின் மண்டல மையத்தைக் குறைபார்வைக்காரர்களும் அணுகலாம். உருப்பெருக்கி, திரைபேசி மென்பொருள், வெண்கோல் நடைப்பயிற்சி பற்றிக் கேளுங்கள். கொஞ்சம் பார்வை இருக்கும்போதே கோலைப் பழகியவர், பார்வை மேலும் குறையும்போது வீட்டுக்குள் முடங்குவதில்லை.

“கல்யாணம் ஆகட்டும்”

பெண் பிள்ளைக்குக் கண்நோய் இருக்கும் வீட்டில் இந்த வாக்கியம் கேட்காமல் இருக்காது. சான்று வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும், வரன் தட்டிப்போகும் என்ற பயம். பதிவேடு எங்கும் பொதுவில் ஒட்டப்படுவதில்லை. அட்டையை யாரிடம் காட்டுவது என்பது உங்கள் விருப்பம். மறைத்து முடிக்கும் கல்யாணம் எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு பேச்சு. அதைக் குடும்பங்களே யோசிக்கட்டும். இந்த நூலின் கவலை வேறு. பத்தாவது படிக்கும்போது வாங்கியிருக்க வேண்டிய சான்றை இருபத்தெட்டு வயதில் வாங்குகிறவளுக்கு, பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் கல்லூரி ஒதுக்கீடும் திரும்பி வராது. எதற்கும் முன்தேதியிட்டுச் சலுகை கிடையாது.

மறுத்தால்

சான்று தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டியது விதி. “இல்லைன்னு சொல்லிட்டாங்க” என்று வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள், எழுதிக் கேளுங்கள். சதவீதம் குறைவாக இருப்பதாகத் தோன்றினால் முதலில் மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரங்களில் மருத்துவர் போட்டது சரியாகவே இருக்கும். புலச் சோதனை பார்க்கப்படவில்லை, ஒரு கண்ணின் அளவு தவறாக ஏறிவிட்டது என்பது போன்ற தெளிவான குறை இருந்தால், 59ஆம் பிரிவின் கீழ் மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். யாரிடம், எத்தனை நாளுக்குள் என்பதை மாவட்ட நல அலுவலகம் எழுத்தில் சொல்ல வேண்டும். சான்று இருந்தும் பள்ளியோ அலுவலகமோ உரிமையை மறுத்தால், அது மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் கொண்டுபோக வேண்டிய புகார்.

தற்காலிகச் சான்று வைத்திருப்பவர்கள் காலாவதித் தேதியைக் கைபேசியில் குறித்துக்கொண்டு, அதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். தேதி கடந்த சான்றைக் காட்டினால் தேர்வு மையத்தில் சொல்வதை எழுதுபவரை அனுமதிக்க மாட்டார்கள்.